2 லட்சம் கட்டச் சொன்னால், முதலில் கணக்கைக் கேளுங்கள்

கேள்வி: நான் 2011-ல் ராணுவத்திலிருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். முழங்கால் காயத்துக்காக 30 சதவீத டிசெபிலிட்டி பென்ஷன் கொடுத்தார்கள். வழக்குப் போட்டு 2017-ல் அது 50 சதவீதம் ஆனது. பென்ஷன் வங்கியிலிருந்து ஸ்பர்ஷுக்கு (பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் பென்ஷன் தளம்) மாறிய பிறகு தொகை குறைந்துவிட்டது. இப்போது, ‘உங்களுக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டோம், 2,14,000 ரூபாய் திரும்ப வர வேண்டும்’ என்று கடிதம் வந்திருக்கிறது. மாதம் 5,000 பிடிக்கிறார்கள். ஊரில் பென்ஷன் வேலை பார்த்துக் கொடுக்கும் ஒருவர் பிடித்தத்தைக் குறைத்துத் தருவதாகவும், வரும் அரியரில் 20 சதவீதம் வேண்டும் என்றும் சொல்கிறார். ஸ்பர்ஷ் பாஸ்வேர்டும் கேட்கிறார். மொத்தமாகக் கட்டாவிட்டால் பென்ஷனே நின்றுவிடுமாம். நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாம் என்கிறாள் மனைவி. என்ன செய்யலாம்?
— முன்னாள் படைவீரர், வேலூர் மாவட்டம்

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். கடிதம் வந்ததாலேயே அது கடன் ஆகிவிடாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்களுக்கு யாரும் அதிகமாகக் கொடுத்ததாகவே எனக்குத் தோன்றவில்லை.

டிசெபிலிட்டி எலிமென்ட், அதாவது பென்ஷனில் ஊனத்துக்காகச் சேரும் பகுதி, எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஊனம் குறைந்தால் அதே விகிதத்தில் இதுவும் குறையும். கணக்குக்காகச் சம்பளம் 40,000 என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீதத்துக்கு 12,000. 50 சதவீதத்துக்கு 6,000. 30 சதவீதத்துக்கு 3,600. 50-க்கும் 30-க்கும் நடுவே மாதம் 2,400 ரூபாய் வித்தியாசம்.

50 ஆன 2017-லிருந்து 6 வருடம் என்று வைத்து, இந்த 2,400-ஐ 72 மாதத்தால் பெருக்குங்கள்: 1,72,800. அதன்மேல் அந்தந்த வருடத்து அகவிலைப்படியையும் ஏற்றினால் 2 லட்சத்தைத் தாண்டிவிடும். உங்கள் சம்பளம் நான் வைத்துக்கொண்டதைவிடச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனாலும் உங்கள் கடிதத்தில் இருக்கும் தொகை இந்தக் கணக்குக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

என் ஊகம் இதுதான். புதிய பதிவில் உங்கள் பழைய 30 சதவீத பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு) மட்டும் ஏறியிருக்கிறது. வழக்கில் ஜெயித்த பிறகு வந்த கொரிஜெண்டம் பி.பி.ஓ., அதாவது 50 ஆக்கிய திருத்த உத்தரவு, ஏறவில்லை. கணினிக்கு உங்கள் ஊனம் 30 சதவீதம்தான். அதனால் இனிமேல் வருவதைக் குறைத்துவிட்டது. இதுவரை வங்கி 50-க்குக் கொடுத்ததையெல்லாம் ‘அதிகம்’ என்று கூட்டியும் வைத்திருக்கிறது. நீங்கள் இரண்டு பிரச்சினை என்று நினைத்து இரண்டு மனு எழுதப் போகிறீர்கள். விடுபட்டது ஒரே ஒரு காகிதம்.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 30-ஐ 50 ஆக்குவதை ரவுண்டிங் ஆஃப் என்பார்கள். 50-க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100. முதலில் இந்தச் சலுகை மருத்துவக் காரணத்தால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் இருந்தது. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறமும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒவ்வொருவராக ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போய்த்தான் வாங்க வேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தீர்த்து வைத்த பிறகும், அதே உத்தரவை ஒவ்வொரு கிழவனும் தனித்தனியாக வாங்கி வா என்று அனுப்புவது என்ன நிர்வாகமோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை. அப்படி ஆளுக்கு ஒன்றாக வந்த உத்தரவுகள்தான் பதிவை மாற்றும்போது அதிகம் விடுபடுகின்றன.

ஆகவே முதல் வேலை வீட்டுக்குள்தான். டிரங்குப் பெட்டியைத் திறந்து மூன்று காகிதங்களைத் தேடுங்கள்: 2011 பி.பி.ஓ., தீர்ப்பாயத்தின் உத்தரவு, 2017 கொரிஜெண்டம் பி.பி.ஓ. கூடவே பழைய வங்கிப் பாஸ்புக். போன வருடம் என்னிடம் வந்த, ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்த ஒருவர், கொரிஜெண்டம் தொலைந்துவிட்டது என்று அழாத குறையாகச் சொன்னார். அவருடைய மருமகள் சாமி அலமாரியைத் துடைக்கும்போது, படங்களுக்கு அடியில் விரித்திருந்த தாளைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். அதுதான். குங்குமக் கறையோடு ஸ்கேன் செய்து அனுப்பினோம், செல்லுபடியானது. நிஜமாகவே கிடைக்காவிட்டால், உங்கள் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதி நகல் கேளுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. (மெட்ராஸ் பொறியாளர் பிரிவு) என்றால் பெங்களூரு, இ.எம்.இ. (மின்னணு, இயந்திரப் பொறியாளர் பிரிவு) என்றால் செகந்திராபாத்.

அடுத்து ஸ்பர்ஷில் நுழைந்து, உங்கள் பெயரில் எத்தனை சதவீத ஊனம் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். 30 என்று இருந்தால் என் ஊகம் சரி. கணினி பழக்கமில்லை என்றால் பிள்ளைகளை வைத்துக்கொண்டோ பொது சேவை மையத்துக்கு நேரில் போயோ பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, பாஸ்வேர்டை நீங்களே தட்டுங்கள்.

இனி அந்த ஊர்க்காரருக்கு வருகிறேன். இந்த ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். கருவூலம் இருக்கும் ஊரிலெல்லாம், ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில், தோல் பையோடு ஒருவர் இருப்பார். பாதிப் பேர் நல்லவர்கள்தான், 100 ரூபாய்க்குப் படிவம் நிரப்பித் தருவார்கள். மற்ற பாதியைப் பற்றித்தான் என் கவலை.

அவர் எழுதித் தரப்போகும் மனு எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்கிறேன்: ‘ஐயா, நான் ஏழை, அதிகமாகப் பெற்ற தொகையை மாதம் 2,000 வீதம் பிடித்துக்கொள்ளத் தயவுசெய்து உத்தரவிட வேண்டுகிறேன்.’ கையெழுத்துப் போடாதீர்கள். ‘அதிகமாகப் பெற்ற தொகை’ என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், அப்புறம் எந்த வக்கீல் வந்தாலும் அந்த வரியைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். கடன் இருக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி. தவணை கேட்டால், இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பாஸ்வேர்டு விஷயம் இதைவிட மோசம். கையில் பாஸ்வேர்டும், உங்கள் வாயால் சொன்ன ஒரு ஓ.டி.பி.யும் கிடைத்தால், முதலில் மாறுவது பதிவிலுள்ள கைபேசி எண். அதற்கப்புறம் எல்லா ஓ.டி.பி.யும் அவருக்குத்தான் போகும். வங்கிக் கணக்கு எண்ணை மாற்றக்கூட முயலலாம். ‘ஏ.டி.எம். கார்டை என்னிடம் வையுங்கள், அரியர் வந்ததும் என் பங்கை எடுத்துக்கொண்டு தருகிறேன்’ என்பது இன்னொரு வகை. வெற்றுக் காசோலை கேட்பது அதற்கு அண்ணன். வக்கீலே வந்து ‘ஜெயித்தால் இத்தனை சதவீதம்’ என்று பேசினாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஜெயிப்பதில் பங்கு பேசி ஃபீஸ் வைப்பதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன.

இன்னும் ஒரு தூண்டில் உண்டு: ‘மறுபடி மெடிக்கல் போர்டு வைத்து 60, 70 சதவீதம் ஆக்கித் தருகிறேன்.’ நிரந்தர ஊனம் என்று முடிவான பிறகு, நீங்களாகக் கேட்டாலொழிய மறு பரிசோதனை இல்லை என்று 2001-லேயே உத்தரவு இருக்கிறது. நீங்களாகக் கேட்டால் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். உங்களுக்கு 50 கையில் இருக்கிறது. வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

சரி, மனுவில் என்ன எழுதுவது? நாலு வரி போதும். 2017 கொரிஜெண்டம் பி.பி.ஓ.வின் எண், தேதி. அதன்படி எனக்கு 50 சதவீதம். ஸ்பர்ஷில் 30 என்று இருக்கிறது, திருத்துங்கள். திருத்தும்வரை பிடித்தத்தை நிறுத்தி வையுங்கள், பிடித்ததைத் திருப்பிக் கொடுங்கள். கூடவே, எந்த மாதம் எவ்வளவு தர வேண்டியது, எவ்வளவு தரப்பட்டது என்ற டியூ அண்ட் டிரான் ஸ்டேட்மென்ட்டையும் கேளுங்கள். இந்தத் தாளைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது.

ஸ்பர்ஷிலேயே புகாராகப் பதிவு செய்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே மனுவைப் பதிவுத் தபாலில் பிரயாக்ராஜில் இருக்கும் பாதுகாப்புக் கணக்குத் துறையின் பென்ஷன் அலுவலகத்துக்கும், நகலை ரெக்கார்டு ஆபீஸுக்கும் அனுப்புங்கள். வேலூரில் முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்து முத்திரை வாங்குங்கள். ஆன்லைன் புகாரை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ‘தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு மூடப்பட்ட புகார்களை நான் கட்டுக் கட்டாகப் பார்த்திருக்கிறேன். மூடினார்களே தவிர, பரிசீலித்தது யார் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அப்படி ஆனால் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸில் போடுங்கள், அங்கே மேல்முறையீட்டுக்கும் வழி இருக்கிறது. கணக்குத் தாள் வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

ஒருவேளை என் ஊகம் தவறி, உண்மையிலேயே அதிகமாக வந்திருந்தால்? அப்போதும் உங்கள் பக்கம் பலம் உண்டு. 2014 டிசம்பரில் ரஃபீக் மஸீஹ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊழியரின் தவறு இல்லாமல் கொடுக்கப்பட்ட தொகையை எப்போதெல்லாம் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று வரிசைப்படுத்தியது. கீழ்நிலைப் பணியாளர்கள், ஓய்வு பெற்றவர்கள், 5 வருடத்துக்கு மேல் தொடர்ந்து கொடுக்கப்பட்டு வந்த தொகை ஆகியவை அதில் வருகின்றன.

ஆனால் இங்கே ஒரு விலக்கு இருக்கிறது. இதை நிதானமாகப் படியுங்கள், பல பேர் இதில்தான் வழுக்கி விழுகிறார்கள். பென்ஷன் தொடங்கியபோது வங்கியில் ஒரு கட்டுப் படிவம் நீட்டியிருப்பார்கள். பெருக்கல் குறி போட்ட இடமெல்லாம் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதில் ஒன்று, ‘தவறுதலாக அதிகம் வந்தால் திருப்பித் தருகிறேன்’ என்ற உறுதிமொழி. 2016-ல் ஜக்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்படி எழுதிக் கொடுத்தவர் ‘நான் ஓய்வு பெற்றவன்’ என்று சொல்லி மட்டும் தப்ப முடியாது என்றது. இதைக் காட்டித்தான் உங்களையும் மிரட்டுவார்கள். இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, அந்த வழக்கில் இருந்தவர் ஒரு நீதித்துறை அதிகாரி. சம்பளம் திருத்தப்பட்டபோது அந்தத் திருத்தத்துக்காகவே எழுதிக் கொடுத்தவர். உங்களைப் போன்ற ஹவில்தாருக்குக் கீழ்நிலைப் பணியாளர் என்ற பாதுகாப்பு தனியாக இருக்கிறது என்று வாதாட இடமுண்டு. இரண்டாவது, நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள் என்பதை அவர்கள் காட்ட வேண்டும். அந்தத் தாளின் நகலைக் கேளுங்கள். கேட்ட இடத்தில் பாதி நேரம் தாள் கிடைப்பதில்லை. புதிதாக ஒன்றில் கையெழுத்து வாங்க வருவார்கள், போடாதீர்கள். பொது சேவை மையத்திலும் சரி, வங்கியிலும் சரி, ‘சும்மா ஃபார்மாலிட்டி சார்’ என்று நீட்டும் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துவிட்டுத்தான் கையெழுத்து.

6 மாதம் ஆகியும் பதிலே இல்லையென்றால் சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. உங்களிடம் ஏற்கெனவே அதன் உத்தரவு இருப்பதால், முதலிலிருந்து வழக்காடத் தேவையில்லை. ‘கொடுத்த உத்தரவை நிறைவேற்றச் சொல்லுங்கள்’ என்று மனுப் போடலாம். ஆனால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். தாமதமாகப் போகும் பென்ஷன் வழக்குகளில் அரியரை மனுவுக்கு முந்தைய 3 வருடத்தோடு நிறுத்திவிடும் வழக்கம், 2008-ல் உச்ச நீதிமன்றம் தந்த தர்சேம் சிங் தீர்ப்பிலிருந்து இருந்து வந்திருக்கிறது.

கட்டாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும் என்பது வெறும் பூச்சாண்டி. வருடாந்திர உயிர்ச்சான்று கொடுக்காவிட்டால்தான் நிற்கும். அதை மட்டும் மறக்காதீர்கள். ஸ்பர்ஷில் நுழைந்த கையோடு மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நாளைக்குக் குடும்ப ஓய்வூதியத்துக்கு அலையப் போவது அவர்தான்.

அப்புறம், பாஸ்வேர்டு கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுத்துவிட்டீர்களா இல்லையா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால், டிரங்குப் பெட்டியை அப்புறம் திறக்கலாம். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பதிவில் இருப்பது உங்கள் கைபேசி எண்தானா என்று பாருங்கள்.