பூச்சிக் கணக்குக்குச் சம்பளம் உண்டா?

“ரெண்டு பூச்சி சண்டை போடுவதைக் கணக்குப் போட்டால் யார் சம்பளம் கொடுப்பார்கள்?” என்று கேட்டிருந்தீர்கள். ஒரே உணவுக்குப் போட்டியிடும் இரண்டு இனங்களின் எண்ணிக்கை எப்படி மாறும் என்று சமன்பாடு போட்டுக் கணிப்பதுதான் மகள் எடுத்திருக்கும் ப்ராஜெக்ட். தலைப்பைக் கேட்டால் எந்த அப்பாவுக்கும் இப்படித்தான் தோன்றும். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெயரில் வேலை விளம்பரம் வருவது அபூர்வம். ஆனால் மகள் பழகப்போவது பூச்சியை அல்ல, கணினி தரும் விடையைச் சந்தேகப்படுவதை.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஓரிடத்தில் 100 பூச்சிக்குத்தான் சாப்பாடு. நம் இனம் 60, எதிரி இனம் 100. எதிரி ஒவ்வொன்றும் நம்மில் ஒன்றரைப் பூச்சியின் பங்கைத் தின்கிறது. ஆக 100 பேர் சாப்பாட்டுக்கு 60 + 150 = 210 பேர்; நெருக்கடி 2.1 மடங்கு. இப்போதைய மாற்ற வேகம் ஒரு காலப்படி முழுக்க அப்படியே நீடிக்கும் என்று வைத்துக் கணக்கிடுவது ஆய்லர் முறை. வளர்ச்சி வீதம் 1, காலப்படி 1 என்று வைத்து அதில் போட்டால் மாற்றம் 60 × (1 − 2.1) = −66, அடுத்த எண்ணிக்கை மைனஸ் 6! கணினி கூச்சமே இல்லாமல் அதை அச்சடித்துத் தரும். படியை 0.1 ஆக்கினால் முதல் படியில் 53.4 வரும். நெருக்கடியைக் கழிக்காமல் வகுத்தியில் கொண்டுபோய் வைத்தால், படி 1 ஆகவே இருந்தாலும் விடை 60 × (1 + 1) ÷ (1 + 2.1), அதாவது சுமார் 38.7, எவ்வளவு பெரிய படி வைத்தாலும் மைனஸுக்குப் போகாது. 1958இல் லெஸ்லியும் கோவரும் எழுதிய போட்டி மாதிரியின் வடிவம் இதுதான்.

சரி, படியைச் சின்னதாக்கினால் தீர்ந்ததே என்பீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் முட்டையிடும் இனத்துக்குப் படியை இயற்கையே வைத்துவிட்டது. அதில் கைவைக்க முடியாது. அப்படிப் படிப்படியாகத் தாவும் ஒற்றைவரிச் சமன்பாட்டில்கூட எண்ணிக்கை தாறுமாறாக ஆடும் என்று 1976இல் சூழலியல் அறிஞர் ராபர்ட் மே காட்டினார். ஆகவே திரையில் தெரியும் ஆட்டம் இனத்துடையதா, நம் முறை கிளப்பிவிட்டதா? இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவருக்கு நோய்ப்பரவல் கணிப்பிலும், மீன்வளக் கணக்கெடுப்பிலும், பொறியியல் சிமுலேஷனிலும், நிதி இடர் கணிப்பிலும் வேலை இருக்கிறது.

எனக்குக் கவலை தரும் இடம் வேறு. இந்தத் தலைப்பில் பலர் நிலைப்புள்ளி (எண்ணிக்கை மாறாமல் நிற்கும் இடம்), நிலைத்தன்மைத் தேற்றம் (கொஞ்சம் தள்ளினால் அங்கேயே திரும்புமா என்பது), நாலு வரைபடம் என்று முடித்துவிடுகிறார்கள். அதை வைத்து நேர்காணலில் ஐந்து நிமிடம்கூடப் பேச முடியாது. சூழலியல் அறிஞர் தாமஸ் பார்க் இரண்டு இன மாவு வண்டுகளை வைத்துச் செய்த சோதனைகளில், ஒரே சூழலில் சில முறை ஓர் இனமும் சில முறை மற்றதும் ஜெயித்தன. அதுபோன்ற உண்மைத் தரவு ஒன்றை எடுத்து, குணகங்களை மதிப்பிட்டு, தற்செயலையும் சேர்த்து மகள் பைத்தான் நிரல்மொழியில் ஓட்டிப் பார்க்கட்டும். அதற்குப் புள்ளியியல் வேண்டும். விருப்பப்பாடம் எடுக்க இடமிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கச் சொல்லுங்கள்.

உயிரியல் பக்கமே நிற்க ஆசைப்பட்டால் பெரும்பாலும் முனைவர் பட்டம் தேவைப்படும். சில வருடம் நீங்கள் பொறுக்க வேண்டும். உடனே சம்பளம் வேண்டுமென்றால் ப்ராஜெக்டின் நிரலை ஒழுங்காக எழுதி, சோதனைகளோடு பொதுவில் வைக்கச் சொல்லுங்கள். அதில் அந்த மைனஸ் 6 எப்படி வந்தது, எப்படிச் சரியானது என்று ஒரு பக்கம் கட்டாயம் இருக்கட்டும்.