மலை ஊரில் குடியேறலாமா? கேள்விகளும் பதில்களும்

சின்ன மலை நகரம் ஒன்றில் போய்த் தங்கிவிடலாமா என்று யோசிப்பவர்கள் நிறையக் கேள்விகள் அனுப்பியிருந்தீர்கள். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன். நான் சிவில் இன்ஜினியர். மலைச் சாலைகளிலும், மண் சரியாமல் பிடித்து நிற்கும் தாங்குசுவர்களிலும் 18 வருடம் வேலை பார்த்திருக்கிறேன், மூன்று மலை ஊர்களில் குடியிருந்திருக்கிறேன். எந்த ஊர் நல்ல ஊர் என்று சொல்லப் போவதில்லை. ஒரு ஊரை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

அக்கா, நானும் கணவரும் ஒரே மலை ஊருக்கு மூன்று முறை விடுமுறைக்குப் போய் வந்தோம். ஒவ்வொரு முறையும் திரும்பி வர மனசே இல்லை. அங்கேயே வீடு வாங்கலாமா?

மூன்று முறையும் சீசனில்தானே போனீர்கள்? அடுத்த முறை, உள்ளூர்க்காரர்களே அலுத்துக்கொள்ளும் மாதம் எது என்று விசாரித்து, அந்த மாதத்தில் ஒரு பத்து நாள் போய் இருங்கள். ஹோட்டல் வேண்டாம். நீங்களே சமைத்து, துணி துவைத்து இருக்கிற மாதிரி ஒரு வாடகை இடம் பிடியுங்கள். துவைத்த துணி காய எத்தனை நாள் ஆகிறது, மின்சாரம் எத்தனை முறை போகிறது, இருட்டிய பிறகு தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா, சாலை அடைபட்ட அன்று கடையில் முதலில் எது தீர்ந்துபோகிறது என்றெல்லாம் கவனியுங்கள்.

அப்புறம் நடுச்சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நீங்கள் வாங்க நினைக்கும் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை வண்டி ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிட வழிக்கு ஒரு மணி நேரம் ஆனால், அதுவும் அந்த ஊரின் விலாசத்தில் சேர்ந்ததுதான்.

மேடம், ஒரே ஊரில் இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று சரிவின் விளிம்பில், பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது, விலையும் குறைவு. மற்றது உள்ளே, பார்வைக்கு ஒன்றும் இல்லை. எதை வாங்கலாம்?

இந்தக் கேள்விக்குத்தான் நிறைய எழுத வேண்டும். மலையில் ஊரை மொத்தமாக எடை போட முடியாது. நூறு மீட்டர் தள்ளிப் போனால் வெயில் வேறு, மண் வேறு, ஆபத்து வேறு. அதனால் ஊர் பிடித்துவிட்டது என்பதோடு நிற்காமல், அந்த வீடு நிற்கிற சரிவைப் படியுங்கள்.

முதலில் வீட்டை விட்டு வெளியே வந்து மேலே பாருங்கள். மரங்கள் நேராக நிற்கின்றனவா? அடிமரம் வில்லாக வளைந்து, அப்புறம் நிமிர்ந்து வளர்ந்திருந்தால் மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கலாம். வேலிக் கம்பங்களும் மின்கம்பங்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தாலும் அதே சந்தேகம்தான். தாங்குசுவரில் தண்ணீர் வெளியேறச் சின்னச் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். மழை பெய்த மறுநாளும் அவை காய்ந்து கிடந்து, சுவர் நடுவில் வயிறு தள்ளினாற்போல இருந்தால், பின்னால் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று சந்தேகப்படுங்கள். மழைக்காலத்தில் வயிறு தள்ளிய ஒரு சுவர் முன்னால் நின்றிருக்கிறேன். தெளிவாக ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர் அரை மணி நேரத்தில் டீ நிறத்துக்கு மாறியது. அதாவது உள்ளே இருந்த மண் கரைந்து வெளியே வந்துகொண்டிருந்தது. கீழே இருந்த மூன்று வீட்டுக்காரர்களையும் அப்போதே கிளம்பச் சொன்னோம். சுவர் அன்று இரவு விழுந்தது.

உள்ளே போனால், ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல்களைப் பாருங்கள். கதவு திடீரென்று நிலையில் உரசுகிறதா என்று கேளுங்கள். மலை வீடுகள் பலவும் சரிவை வெட்டி, வெட்டிய மண்ணையே முன்பக்கம் கொட்டிச் சமன் செய்து கட்டியவை. பின்பாதி கெட்டி நிலத்தில், முன்பாதி கொட்டிய மண்ணில். முன்பாதி மெல்ல அமுங்கும்போது வீடு நடுவில் பிளக்கும். விளிம்பில் இருக்கும் வீடு என்றாலே எனக்கு முதலில் இந்தக் கவலைதான் வரும். அது கொட்டிய மண்ணா, பாறையா என்று மண் பரிசோதனை செய்யும் ஆளை வைத்துத் துளையிட்டுப் பாருங்கள். வீட்டு விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

ஓடை ஒன்று மலையை விட்டு இறங்கும் இடத்தில் விசிறி போல விரிந்த சமதளம் இருந்தால், இவ்வளவு அழகான சமநிலம் மலையில் எப்படி வந்தது என்று யோசியுங்கள். பழைய வெள்ளங்கள் உருட்டி வந்த கல்லும் மண்ணும் சேர்ந்த இடம் அது. இன்னொரு வெள்ளம் வந்தால் அதே வழியில்தான் இறங்கும்.

உத்தராகண்டின் ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விட்டு, மக்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. அந்த ஊர் பழைய நிலச்சரிவு மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது, கனமான கட்டடங்கள் வேண்டாம் என்று அரசு அமைத்த மிஸ்ரா குழு 1976லேயே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் ஊர் வளர்ந்துகொண்டே போனது. நீங்கள் பார்க்கும் ஊருக்கும் இப்படிப் பழைய நிலவியல் அறிக்கையோ நிலச்சரிவு வரைபடமோ இருக்கலாம். தேடிப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். இப்போதைக்கு என் ஓட்டு உள்ளே இருக்கும் வீட்டுக்குத்தான். பள்ளத்தாக்கைப் பார்க்க நடந்து போய்க்கொள்ளலாம்.

தண்ணீர் பற்றி என்ன கேட்க வேண்டும்? மழை கொட்டும் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் வருமா?

வரும். சரிவில் விழும் மழை நிற்காமல் ஓடிவிடும். சிம்லாவில் 2018 கோடையில் நாள் கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் மக்கள் தெருவில் வரிசையில் நின்றார்கள். அந்த ஊருக்குப் பெரும்பாலான தண்ணீர் கீழே பள்ளத்தாக்கிலிருந்து பம்பு வைத்து ஏற்றப்படுகிறது. கீழே ஓடை வற்றினாலோ மின்சாரம் போனாலோ மேலே குழாய் காய்ந்துவிடும்.

அதனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வறண்ட மாதத்தில் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று அதிகாரியிடம் கேட்பதோடு பக்கத்து வீட்டிலும் கேளுங்கள். வறண்ட மாதமும் சுற்றுலா சீசனும் ஒன்றாக வரும் ஊர் என்றால் இரட்டைக் கவனம் தேவை. ஊற்றுத் தண்ணீர் என்று பெருமையாகச் சொன்னால், ஊற்றுக்கு மேலே எத்தனை வீடுகளின் செப்டிக் டேங்க் இருக்கிறது என்று ஏறிப் பாருங்கள். முதல் பெருமழைக்குப் பிறகு எடுத்த தண்ணீரில் கிருமிப் பரிசோதனை செய்யுங்கள். வெயில் காலத்து முடிவை நம்ப வேண்டாம்.

அப்பாவுக்கு 74 வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். மலைக் காற்று நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கூட்டிப் போகலாமா அக்கா?

காற்று சுத்தமாக இருக்கலாம், ஆனால் அடர்த்தி குறைவு. 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். பெரும்பாலோர் சில நாட்களில் பழகிவிடுவார்கள். தலைவலி, குமட்டல் போன்ற உயர நோய் பொதுவாக 2500 மீட்டருக்கு மேல்தான் தொல்லை தரும். ஆனால் இதய பலவீனம், நாள்பட்ட நுரையீரல் நோய், சிக்கிள் செல் ரத்தசோகை உள்ளவர்கள் அதைவிடத் தாழ்வான உயரத்தில்கூடச் சிரமப்படலாம். அப்பாவின் இதய மருத்துவரிடம் ஊரின் உயரத்தை மீட்டரில் சொல்லிக் கேளுங்கள். ‘மலைக்குப் போகலாமா’ என்று மட்டும் கேட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும்.

அதைவிடப் பெரிய விஷயம் இரவு இரண்டு மணி. மாரடைப்பு வந்தால், அடைபட்ட ரத்தக்குழாயை ஆஞ்சியோபிளாஸ்டி செய்து 2 மணி நேரத்துக்குள் திறக்க வழியில்லாத இடத்தில், தகுந்த நோயாளிக்கு அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதலில் போட்டுவிட்டு அனுப்புவதுதான் மருத்துவ நடைமுறை. அந்த ஊசி உள்ளூர் ஆஸ்பத்திரியில் இரவிலும் இருக்குமா, போடத் தெரிந்த டாக்டர் இருப்பாரா என்று நேரில் போய்க் கேளுங்கள். ஹெலிகாப்டர் இருக்கிறது என்று யாராவது சொன்னால், மூடுபனியில் அது பறக்காது என்பதை நினைவில் வையுங்கள். கர்ப்பிணி இருக்கும் வீடு என்றால் இரவில் சிசேரியன் செய்ய முடியுமா, ரத்தம் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

தெருவிலிருந்து வீட்டு வாசலுக்கு எத்தனை படி? இதை எண்ணாமல் வீடு பார்க்கவே பார்க்காதீர்கள். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நாற்பது படி ஏறுவதைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

வீட்டிலிருந்தே ஐடி வேலை செய்கிறேன். நெட் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். போதுமா?

கேபிள் பெரும்பாலும் சாலையோரமாகத்தான் ஏறி வரும். மண் சரிந்தால் சாலையும் கேபிளும் சேர்ந்தே அறுந்துபோகும். இரண்டாவது கேபிள் வேறு பாதையில் வருகிறதா என்று கேளுங்கள். மொபைல் சிக்னலை நீங்கள் உட்காரப் போகும் அறையிலேயே சோதியுங்கள். ஒரு முகடு குறுக்கே நின்றால் போதும், அடுத்த வீட்டில் இருக்கும் சிக்னல் உங்களுக்குக் கிடைக்காது.

எந்த அளவுக்குக் குளிரும்? வெயில் வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சராசரியாக 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். காற்றில்லாத தெளிந்த குளிர்கால இரவில், கனமான குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கில் குளம்போலத் தேங்கும். அப்போது அடியில் இருப்பவர்களுக்குத்தான் மேலே இருப்பவர்களைவிட அதிகக் குளிர். புகையும் அங்கேயே அடைபடும். மலைகள் சூழ்ந்த சால்ட் லேக் சிட்டியில் குளிர்காலத்தில் காற்று கெட்டுப்போவதற்கு இதுதான் காரணம். மலை என்றாலே தூய காற்று என்று நினைத்துப் பள்ளத்தில் வீடு வாங்கிவிடாதீர்கள்.

வெயிலுக்கு, வீடு பார்த்திருக்கும் திசைதான் எல்லாம். பூமத்திய ரேகைக்கு வடக்கே தள்ளி இருக்கும் நாடுகளில் தெற்குச் சரிவுக்கு வெயில், வடக்குச் சரிவுக்கு நிழல். தெற்கே இருக்கும் நாடுகளில் தலைகீழ். நார்வேயின் ருயூக்கான் ஊருக்குச் செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை மலை மறைத்து நேர் வெயிலே விழாது. 2013ல் மேலே மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி ஊர்ச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பினார்கள். நான் ஒரு வருடம் வடக்குச் சரிவில் குடியிருந்தேன். அலமாரியில் வைத்த தோல் செருப்பு பத்தே நாளில் பச்சையாகப் பூஞ்சை பூத்திருந்தது. வீடு பார்க்கப் போனால் அலமாரிக்குப் பின்னால் முகர்ந்து பாருங்கள். புதுப் பெயின்ட் வாசனை அடித்தால் இன்னும் நன்றாகப் பாருங்கள்.

வெயிலில் நிற்கும்போது குளிர்வதால் ஏமாந்துவிடாதீர்கள். புற ஊதாக் கதிர் 1000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் கூடும். தொப்பியும் கண்ணாடியும் அவசியம்.

காட்டை ஒட்டிய வீடு என் வெகுநாள் ஆசை. பயப்பட வேண்டுமா?

ஊரை விட்டு வெளியேற எத்தனை சாலை என்று எண்ணுங்கள். கலிஃபோர்னியாவில் மலை முகட்டில் இருந்த பாரடைஸ் ஊரில் 2018 நவம்பரில் காட்டுத்தீ வந்தபோது, வெளியேறும் சாலைகள் நெரிசலில் அடைத்துக்கொண்டன. அந்தத் தீயில் 85 பேர் இறந்தார்கள். ஒரே ஒரு சாலைதான், அதுவும் காட்டுக்கு நடுவே என்றால் நான் வாங்க மாட்டேன். இரண்டு இருந்தால், கூரையிலும் வீட்டைச் சுற்றியும் சருகைத் தேங்கவிடாமல் வைத்துக்கொள்ள உங்களால் முடியுமா என்று யோசியுங்கள். அது ஒரு நாளில் முடிகிற வேலை அல்ல.

மகளுக்கு 11 வயது. பள்ளி நன்றாக இருக்கிறது. வேறென்ன பார்க்க வேண்டும்?

வெளியூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் திரும்பிப் போனது பிள்ளைகளின் எந்த வயதில் என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைக்கு மலை சொர்க்கம். மேல்வகுப்பில் விரும்பிய பாடம் அந்த ஊரில் இருக்குமா, தோழி வீட்டுக்கு யாரையும் எதிர்பார்க்காமல் தானே போய் வர முடியுமா என்பதெல்லாம் 15 வயதில் பெரிய விஷயம். அவளையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

ஊரில் பாதி வீடு பூட்டியே கிடக்கிறது. அமைதியாக இருப்பது நல்லதுதானே?

எனக்கு அது கவலையாக இருக்கிறது. சீசன் இல்லாத ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு உயரமான இடத்தில் நின்று, எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். விடுமுறை வீடுகள் பெருகப் பெருக வாடகை ஏறும். நர்ஸ், ஆசிரியர், பிளம்பர், பஸ் டிரைவர் எல்லோரும் மலைக்குக் கீழே குடிபோவார்கள். சாலை அடைபட்ட அன்று அவர்கள் யாரும் மேலே வர முடியாது. சுவிட்சர்லாந்தில் இந்தக் கவலை பெரிதாகி, 2012ல் நடந்த வாக்கெடுப்பில் ஒரு ஊரின் வீடுகளில் 20 சதவீதத்துக்கு மேல் இரண்டாம் வீடுகள் கூடாது என்று மக்களே முடிவு செய்தார்கள்.

கடைசியாக, வாடகையா, சொந்த வீடா?

ஒரு முழு வருடம் வாடகைக்கு இருங்கள். வாங்க நினைக்கும் வீட்டுக்காரர் சம்மதித்தால், சுவர் விரிசல்களின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் போய்ப் பாருங்கள். கோட்டைத் தாண்டி விரிசல் நீண்டிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அந்த வருடத்தில் ஒரு நாளாவது பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் ஊரைச் சுற்றி நடங்கள். மழைநீர்க் கால்வாய்களில் அடைத்த கல்லையும் இலையையும் யாராவது வாரிக்கொண்டிருக்கிறார்களா, இல்லை தண்ணீர் சாலையின் மேலேயே ஓடி அடுத்த வீட்டுச் சரிவில் இறங்குகிறதா என்று பாருங்கள். நான் கடைசியாக வீடு எடுத்த ஊரில் ஆறரை மணிக்கே மண்வெட்டியோடு இரண்டு பேர் கால்வாயில் இறங்கியிருந்தார்கள். அந்த வாரமே முன்பணம் கொடுத்துவிட்டேன்.