சுற்றுச்சூழல் ஆவணப்படம் பார்த்தால் டிசைனர் மாறிவிடுவாரா?

கேட்டவர் டிசைன் படிக்கிற மாணவர் என்று நினைக்கிறேன். ஆவணப்படங்கள் வடிவமைப்பாளர்களைச் சூழலுக்குக் கேடில்லாத டிசைன் பக்கம் திருப்புமா, எதைப் பார்க்கலாம் என்பது உங்கள் கேள்வி. என்னிடம் பட்டியல் இல்லை. ஒரே ஒரு படம் என்னை மாற்றியது, அதுவும் பாதிதான். மீதிப் பாதி ஏன் மாறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதைக் கல்லூரியில் யாரும் சொல்லமாட்டார்கள்.

நான் கிருஷ்ணகிரியில் பதினோரு வருஷமாக டிசைன் வேலையில் இருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், பக்கத்திலேயே ஒரு ஃப்ளெக்ஸ் மெஷின். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. மாம்பழ சீசனில் பெட்டி வேலையும் வரும்.

2020 ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்தபோது கிறிஸ் ஜோர்டன் எடுத்த 'ஆல்பட்ராஸ்' பார்த்தேன், ஆல்பட்ராஸ் என்பது ஒரு கடற்பறவை. 2017-ல் வந்த படம். பசிபிக் பெருங்கடல் நடுவில் மிட்வே என்கிற தீவு. தாய்ப்பறவை கடலில் மிதக்கிற பிளாஸ்டிக்கை இரை என்று நம்பிக் கொண்டுவந்து குஞ்சுக்கு ஊட்டுகிறது. செத்துக் காய்ந்த குஞ்சுகளின் வயிற்றில் பாட்டில் மூடி, லைட்டர் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. பார்க்கிறவர்கள் பறவைக்காக அழுவார்கள், நானும் அழுதேன். ஆனால் என் கண் அந்த மூடிகளை விட்டு நகரவில்லை. இறகு மக்கிவிட்டது, சதை போய்விட்டது, மூடியின் நிறம் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த நிறத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருப்பார். 'இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு போடுங்க' என்று பக்கத்தில் ஒரு வாடிக்கையாளர் நின்றிருப்பார். அந்த நாற்காலியில் தினமும் உட்காருகிறவன் நான்.

இரண்டு மாதம் கழித்து ஊத்தங்கரைப் பக்கம் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். மாட்டுக்கொட்டகைக் கூரையில் நான் செய்த கண்ணீர் அஞ்சலி பேனர் கிடந்தது. எங்கள் பக்கம் இது சாதாரணம், வைக்கோல் போர் மேலே, ஆட்டுப்பட்டி மேலே எல்லாம் பழைய ஃப்ளெக்ஸ்தான். வெயிலில் காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. கீழே தண்ணீர்த் தொட்டியில் அந்தச் செதில்கள் மிதந்தன. பெரியம்மா கையால் அரித்து எடுத்துவிட்டு மாட்டை அவிழ்த்துவிட்டார். "தெனமும் இதே வேலையாப் போச்சுடா" என்றார். நான் செய்தது என்று அவரிடம் சொல்லவில்லை. ஆறாயிரம் ரூபாய்க்குப் போட்ட பெரிய பேனர், அதில் எழுத்துக்கு நிழல் வைத்ததுகூட ஞாபகம் இருந்தது.

ஃப்ளெக்ஸ் என்பது உள்ளே பாலியெஸ்டர் வலை, இரண்டு பக்கமும் பிவிசி என்கிற பிளாஸ்டிக். பிரிப்பது கஷ்டம் என்பதால் எங்கள் ஊரில் காயலான் கடைக்காரர்கூட வாங்கமாட்டார். எரித்தால் நச்சுப்புகை. 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு நாடு முழுக்க வந்த தடையில் பிவிசி பேனரும் இருக்கிறது, ஆனால் தடிமன் 100 மைக்ரானுக்குக் குறைவானதுதான். கடைகளில் ஓடுகிற ஃப்ளெக்ஸ் அதைவிடத் தடிமன்.

சரி, மனசு மாறிவிட்டது. கை மாறியதா? இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். சின்ன ஊரில் டிசைனுக்குத் தனிக் காசு கிடையாது. சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட், டிசைன் அதற்குள் அடக்கம். இருபதுக்குப் பத்து அடி பேனர் கேட்டு வருகிறவரிடம் 'ஆறுக்கு நாலு போதும், அழகாகச் செய்து தருகிறேன்' என்று சொன்னால் என் வருமானம் எட்டில் ஒரு பங்குகூடத் தேறாது. அதிகம் யோசித்துக் குறைவாக அச்சடிக்கிறவனுக்குப் பட்டினி, யோசிக்காமல் பெரிதாக அடிக்கிறவனுக்குக் காசு. மூன்று நாள் உட்கார்ந்து லோகோ செய்தால் "கம்ப்யூட்டர்தானே போடுது" என்கிறார்கள். சொந்தக்காரர்கள் இன்னும் மோசம். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தோன்றலாம், ஆனால் எனக்கு இதுதான் கேள்வியே. பொருள் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவு கூலி என்று இருக்கிறவரை எந்தப் படமும் டிசைனரைப் பாதிக்கு மேல் மாற்றாது.

பெட்டி விஷயத்தில் கொஞ்சம் முயன்றேன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு தோப்புக்காரர், வருஷாவருஷம் சென்னைக்கு இமாம்பசந்தும் பங்கனப்பள்ளியும் பரிசுப் பெட்டியில் அனுப்புவார். நாலு கலர் அச்சு, மேலே பளபளப்பான லேமினேஷன், உள்ளே ஒவ்வொரு பழத்துக்கும் ஃபோம் வலை. லேமினேஷன் என்பது காகிதத்தின் மேல் ஒட்டுகிற பிளாஸ்டிக் படலம், அது இருந்தால் பெட்டியைத் திரும்பக் கூழாக்குவது சிரமம். நான் கிராஃப்ட் என்கிற வெளுக்காத பழுப்புக் காகித அட்டையில் பெட்டி, ஒரே கலர் அச்சு, லேமினேஷன் இல்லை, உள்ளே வைக்கோல் என்று மாதிரி செய்து காட்டினேன்.

"என்ன தம்பி, சிமெண்ட் மூட்டை மாதிரி இருக்கு. சம்பந்தி வீட்டுக்குப் போற பெட்டிப்பா."

"அண்ணா, பழம்தான் தெரியணும், பெட்டி எதுக்கு மின்னணும்? ஒரு தடவை பாருங்க."

ஒத்துக்கொண்டார். இருநூறு பெட்டி. லாரியில் அடி வரிசை முழுக்க உட்கார்ந்துவிட்டது, பழம் நசுங்கிச் சாறு வழிந்தது. ஊரே கேட்கிற மாதிரி போனில் திட்டினார், திட்டுவதற்கு அவருக்கு உரிமை இருந்தது. மறு பெட்டி என் செலவில் அடித்தேன்.

தப்பு எங்கே என்று ஓசூரில் பெட்டி அடிக்கிற ஒரு அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார். அட்டைக்குள் இருக்கிற அலை, அதாவது ஃப்ளூட், நின்றவாக்கில் இருந்தால்தான் எடை தாங்கும். அட்டை மிச்சம் பிடிக்க நான் படுக்கவாக்கில் வெட்டவைத்திருந்தேன். பாரத்தைத் தாங்குவது மூலைகள், நான் அழகுக்காகக் காற்றோட்டத் துளைகளை மூலையை ஒட்டியே வைத்திருந்தேன். பறித்த பிறகும் மாம்பழம் மூச்சுவிடும், சூடும் ஈரமும் வரும், அந்த ஈரத்தில் அட்டை தளர்ந்துவிடும். அடுத்த தடவை ஃபைவ் ப்ளை, அதாவது ஐந்து அடுக்கு அட்டை, துளைகள் பக்கவாட்டின் நடுவில். நின்றது. ஃபைவ் ப்ளை என்றால் காகிதம் கூடத்தானே செலவாகிறது என்று கேட்பீர்கள். ஆமாம், கூடும். வருஷம் முழுக்கத் தண்ணீர் விட்டு வளர்த்த பழம் பெட்டியோடு குப்பைக்குப் போவதைவிட அது குறைவு. நான் பிளாஸ்டிக்கே கூடாது என்கிற கட்சியும் இல்லை.

ஒரு டிசைனரால் என்ன ஆகிவிடும் என்கிறவர்களுக்கு ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து மூன்று லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் குடிபான பாட்டில்களில், திறந்த பிறகும் மூடி பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டது அரசு, ஆனால் அந்தச் சின்னப் பட்டையை வரைந்தது யாரோ ஒரு டிசைனர். அந்தப் பறவையின் வயிற்றில் நான் பார்த்த அதே மூடி.

2022-லிருந்து டிசைன் கூலியைத் தனியாக எழுதுகிறேன். பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். இருக்கிறவர்கள் போதும் என்று சொல்லமாட்டேன், கடன் இருக்கிறது. பேனர் கேட்டு வந்தால் முதலில் துணி சொல்கிறேன், மறுத்தால் ஃப்ளெக்ஸில் சின்ன அளவு சொல்கிறேன், பெரிதுதான் வேண்டும் என்றால் அடித்துக்கொடுக்கிறேன்.

தோப்புக்காரர் இன்னும் என்னிடம்தான் வருகிறார். இந்த சீசனுக்கு அச்சு உரசிப்போகாமல் தண்ணீர் சார்ந்த வார்னிஷ் போட முடியுமா என்று கேட்டிருக்கிறார். கிராஃப்ட் அட்டையில் அதைப் போட்டுப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், மே மாதத்துக்குள் மாதிரி காட்ட வேண்டும்.