முதல் நாளே பாத்ரூமை உடைக்க விடாதீர்கள்

வீட்டைப் புதுப்பிக்கக் கொடுத்து கான்ட்ராக்டரிடம் நொந்துபோனவர்கள் உண்டா, எங்கே தப்பு நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, இதோ நான்.

வீடு செங்கோட்டையில், அப்பா கட்டியது. அடுப்படியும் அதை ஒட்டிய பாத்ரூமும் மட்டும் மாற்றினால் போதும் என்று 3,40,000 ரூபாய்க்குப் பேசி, 1,50,000 அட்வான்ஸ் கொடுத்தேன். ஒரு நோட்டுத்தாளில் அவரே கணக்கு எழுதித் தந்தார், அதில் "பாத்ரூம் ஃபுல் வேலை" என்று ஒரே வரி. அந்த ஃபுல்லுக்குள் என்னென்ன அடக்கம் என்று நான் கேட்கவே இல்லை.

கேட்பவர்கள் எல்லாம் அட்வான்ஸ் அதிகம் கொடுத்ததுதான் தப்பு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டைல்ஸ், பைப், சிமென்ட் எதுவும் வந்து இறங்காத நிலையில், முதல் நாள் காலை பத்து மணிக்குள் இருந்த ஒரே பாத்ரூமை உடைத்துப் போட்டார்களே, அதற்கு நான் வாசலில் நின்று டீ வாங்கிக் கொடுத்தேனே, அதுதான் தப்பு. அதற்குப் பிறகு அவரை விரட்டவும் முடியாது, வேறு ஆளும் பாதி வேலையில் கை வைக்க மாட்டான். அம்மாவுக்கு 71 வயது. "ஏல, இன்னும் எத்தனை நாளைக்குப் பக்கத்து வீட்டுல போயி குளிக்கச் சொல்லுத?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

இந்த ஊர் 1956 நவம்பர் 1-ல்தான் கேரளப் பக்கமிருந்து மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது, இப்போதும் மலைக்கு இரண்டு பக்கமும், இங்கேயும் அந்தப் பக்கம் கேரளாவில் புனலூர் வரையிலும், வேலை எடுப்பவர்கள் நிறைய. நம்மாளும் அப்படித்தான். போன் போட்டால் "அண்ணாச்சி, புனலூர்ல கான்கிரீட் போடுதோம், நாளைக்கு வந்துருதேன்" என்பார். அடுத்த நாள், மலைப்பாதையில் மாட்டிக்கொண்டாராம், "புளியரை எஸ் வளைவுல லாரி நின்னுட்டு, ஒரே பிளாக்கு." அப்புறம் ஓணம், ஆட்கள் இல்லை. மூன்று வாரத்தில் முடியும் என்ற வேலை நான்கரை மாதம் இழுத்தது. புனலூர்க்காரர் ஒருவரைப் பிறகு சந்தித்தேன், அவரிடம் நம்மாள் செங்கோட்டையில் கான்கிரீட் என்று சொல்லியிருக்கிறார்!

முடித்துக் கொடுத்ததாவது ஒழுங்கா? தரையில் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சாய்வு இருந்தால்தான் தண்ணீர் ஓடும். இங்கே ஓட்டை ஒரு மூலையில், தண்ணீர் எதிர் மூலையில், நடுவில் சோப்புத் துண்டு மிதக்கும். தண்ணீர் கசியாமல் தடுக்கும் வாட்டர் புரூஃபிங் பூசவே இல்லை, பழைய தளத்தின் மேல் கலவையைப் போட்டு டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். அடுத்த ஜூன் சாரலில் அடுப்படிச் சுவர் ஊறியபோது ஊரில் எல்லா வீடும்தானே ஊறுகிறது என்றிருந்துவிட்டேன். சாரல் நின்று வெயில் அடித்தும் மசாலா டப்பா அலமாரிக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு ஈரம் காயவில்லை, பெயின்ட் அப்பளம் மாதிரி பொரிந்து உதிர்ந்தது. அப்போதுதான் தண்ணீர் பாத்ரூமிலிருந்து வருகிறது என்று உறைத்தது.

போலீஸ் ஸ்டேஷனில் இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். வக்கீல் சொல்லித்தான் தெரியும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். ஆள் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் நாம் அலைய வேண்டியதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தும் கேட்கலாம். நோட்டுத்தாள், வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே கணக்கு எல்லாவற்றையும் வைத்து வக்கீல் நோட்டீஸ் போனதும் 40,000 திருப்பிக் கொடுத்தார். ரொக்கமாகக் கொடுத்த 60,000-க்குத் துண்டுச்சீட்டு கூட இல்லாததால் அதைப் பற்றிப் பேசவே முடியவில்லை. நானும் அத்தோடு விட்டுவிட்டேன், அலுத்துப்போச்சு.

இரண்டாவது முறை செய்தது இலஞ்சியிலிருந்து வந்த வயதான கொத்தனார். சாமான் எல்லாம் வந்து இறங்கிய பிறகுதான் கடப்பாரையைத் தொட்டார். தளத்திலும் சுவரில் ஓரடி உயரத்துக்கும் வாட்டர் புரூஃபிங் இரண்டு கோட் பூசிக் காயவிட்டு, ஓட்டையை ஈரத்துணியால் அடைத்து, கணுக்கால் வரை தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "ரெண்டு நாள் நான் வரமாட்டேன் தம்பி. கோட்டை விட்டுத் தண்ணி இறங்குதான்னு மட்டும் பாருங்க." அந்த இரண்டு நாளும் அம்மா காபி டம்ளரோடு மணிக்கொரு தரம் போய்க் கோட்டைப் பார்த்துவிட்டு வந்தாள்.