திருவாதிரையைச் சுற்றிய வானம்

அன்புள்ள ஐயா,

வலசை பற்றிய உங்கள் கட்டுரையில், பல பாடும் பறவைகள் பிறந்த வருடமே பெற்றோர் துணையில்லாமல் இரவில் கிளம்பிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். பார்த்தே இராத ஊருக்கு எப்படி வழி தெரியும்? எல்லாம் பிறவியிலேயே இருக்கிறது என்றால், கற்றுக்கொள்ள எதுவுமே இல்லையா?

சரண்யா

அன்புள்ள சரண்யா,

நிறைய இருக்கிறது. எனக்கு வியப்பு அடங்காத ஓர் ஆய்வைச் சொல்கிறேன்.

இன்டிகோ பன்டிங், வட அமெரிக்காவின் கிழக்கே வாழும் சிட்டுக்குருவி அளவுப் பறவை. குளிர் வருமுன் மத்திய அமெரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் இரவில் பறந்து போகும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் எம்லன் இதன் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்து, வானம் கண்ணில் படாமல் ஊட்டி வளர்த்தார். அப்புறம் கோளரங்கில் சிலவற்றுக்கு, துருவ நட்சத்திரத்தைச் சுற்றும் வழக்கமான வானத்தைக் காட்டினார். வேறு சிலவற்றுக்குத் திருவாதிரையை மையமாக வைத்து வானத்தைச் சுழலவிட்டார்.

வலசைக் காலம் வந்ததும் ஒவ்வொன்றையும் புனல் வடிவக் கூண்டில் விட்டார். அடியில் மை, சுற்றிலும் வெள்ளைத் தாள். பறவை எந்தப் பக்கம் எம்புகிறதோ அந்தப் பக்கம் கால்தடம் கருப்பாகப் படியும். வழக்கமான வானம் பார்த்தவை தெற்கே எம்பின. மற்றவை திருவாதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எம்பின! நட்சத்திரங்களையே பார்க்காமல் வளர்ந்தவற்றுக்குத் திசை பிடிபடவில்லை.

1970இல் இது வெளியானது. சுழலும் வானத்தில் அசையாத இடத்தைக் கண்டுபிடி, அதை விட்டு விலகிப் போ; பிறவியில் வருவது இவ்வளவுதான். நட்சத்திரங்களை அந்தந்தக் குஞ்சே பார்த்துப் படிக்க வேண்டும். அதுதான் நல்லது. பூமியின் அச்சு ஏறக்குறைய 26,000 ஆண்டுகளுக்கு ஒரு வட்டம் போடுவதால் துருவ நட்சத்திரமே மாறிக்கொண்டிருக்கும். மேகம் மூடிய இரவுக்குப் பூமியின் காந்தப்புலம் இருக்கிறது.

சரி, திசை தெரிந்தால் போதுமா? டச்சு ஆய்வாளர் பெர்டெக், நெதர்லாந்து வழியாக வலசை போன, மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங்குகளை 11,000க்கும் மேல் பிடித்து, வளையமிட்டு, சுவிட்சர்லாந்தில் கொண்டுபோய் விட்டார். முடிவுகளை 1958இல் வெளியிட்டார். ஏற்கெனவே போய்வந்த பெரிய பறவைகள் வடமேற்கே திரும்பி, வழக்கமான இடத்தை நோக்கிப் போயின. இளம் பறவைகள் பிறவித் திசையிலேயே பறந்து தெற்கு பிரான்சிலும் ஸ்பெயினிலும் இறங்கின. பின்வந்த குளிர்காலங்களிலும் அவை அங்கேயே போயின. இடத்தை அந்த முதல் பயணத்தில்தான் கற்றிருக்கின்றன.