பேஷன் போட்டோகிராபராக வேலை பார்த்துக்கொண்டே பாடமும் எடுக்க முடியுமா? வேலை கிடைக்காதவர்கள்தான் பாடம் எடுக்கப் போவார்கள் என்கிறார்களே, உண்மையா?

முதல் கேள்விக்குப் பதில்: முடியும். 2016இலிருந்து செய்துகொண்டிருக்கிறேன். இரண்டாவது கேள்விதான் தூங்கப் போனவனை எழுப்பி எழுத வைத்தது.

உங்களை ஏதோ ஒரு கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகலாமா என்று யோசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். "கிளாஸ் எடுக்கப் போயிட்டா ஃபீல்டுல அவுட்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். என்னிடமும் ஒருவர் சொன்னார். அவர் இன்று என்ன செய்கிறார் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது, வேண்டாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பாடம் எடுக்கப் போனபோது கையில் வேலை இல்லைதான். ஆனால் யாரும் கூப்பிடாததால் அல்ல. சென்னை ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் வீடு, முன்னறையில் லைட்டெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. நாலு ஃபிளாஷ், இரண்டு பவர் பேக், ஸ்டாண்டு, 1999இல் உதவியாளனாகச் சேர்ந்த காலத்திலிருந்து பத்திரப்படுத்திய ஸ்லைடு பெட்டிகள் எல்லாம் போயின. வடபழனி நண்பரிடம் இரவல் போயிருந்த ஒரே ஒரு ஃபிளாஷ் மட்டும் பிழைத்தது. ஒரு லைட்டை வைத்துக்கொண்டு, என் பிழைப்பான ஜவுளிக்கடை கேட்டலாக் எடுக்க முடியாது. பாடம் எடுக்கலாம். போனேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளத்துக்கு அப்புறம் மாடி வீடு தேடி சாலிகிராமம், விருகம்பாக்கம், வளசரவாக்கம் என்று ஒன்றரை மாதம் அலைந்தேன். அட்வான்ஸ் வரை பேசி முடித்துவிட்டு, "தம்பி என்ன பண்றீங்க?" என்பார்கள். போட்டோகிராபர் என்றால் முகம் மாறும். "சினிமாக்காரங்களுக்கு விடறதில்லப்பா." நான் சினிமாக்காரன் இல்லை சார், புடவை எடுக்கிறேன் என்பேன். "புடவை எடுக்கறீங்களா? எந்தக் கடையில?" கடைசியில், காலேஜில் வாத்தியார் என்று சொன்னதும் ஒரே நாளில் வீடு கிடைத்தது. பாடம் எடுப்பதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இதை முதலில் சொல்வேன்.

புடவை கேட்டலாக் எல்லாம் பேஷனா என்று கேட்க ஆட்கள் வருவார்கள், தெரியும். மும்பையில் பத்திரிகை அட்டைக்கு எடுத்தால்தான் பேஷனாம். இருக்கட்டும். விடியற்காலை ஆறு மணிக்கு மாடல் வந்து உட்கார, ராத்திரிக்குள் 40 புடவை, புடவைக்கு நாலு போஸ் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். ரவிக்கையின் பின்பக்கம் எத்தனை கிளிப் போட்டால் முன்பக்கம் சுருக்கமில்லாமல் நிற்கும், ஆவியால் சுருக்கம் எடுக்கும் ஸ்டீமரைப் பட்டுக்கு எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும், இதெல்லாம் எந்த அட்டைப்படமும் கற்றுத் தராது. அந்த அறையில் முக்கியமான ஆள் நானும் இல்லை, மாடலும் இல்லை. கொசுவம் மடித்துவிடும் அக்காதான். அவர் லீவு போட்டால் ஷூட்டிங்கே இல்லை.

வகுப்புக்கு வருகிறேன். முதல் நாள் எல்லாரும் கேட்பது, "சார், எந்தக் கேமரா வாங்கலாம்?" முதல் வாரம் கேமராவே கிடையாது என்பேன். ஒரு முட்டை, ஒரு வெள்ளைச் சார்ட் பேப்பர், ஒரு ஜன்னல். முட்டையில் எங்கே நிழல் ஆரம்பிக்கிறது என்று பென்சிலால் வரையச் சொல்வேன். முணுமுணுப்பார்கள். இரண்டாவது வாரம் அந்தப் பிழைத்த ஃபிளாஷ், ஒரு இஞ்ச் டேப். லைட்டை ஒரு மீட்டரில் வைத்து ஒரு படம், இரண்டு மீட்டருக்குத் தள்ளி ஒரு படம். தூரம் இரண்டு மடங்கு ஆனால் வெளிச்சம் பாதியாகும் என்று மொத்த வகுப்பும் அடித்துச் சொல்லும். கால்வாசிதான் மிஞ்சும். வெளிச்சம் ஒரு தடவை பாதியானால் எங்கள் பாஷையில் ஒரு ஸ்டாப், இங்கே இரண்டு ஸ்டாப் போய்விடும். இதைப் பத்தாவதில் படித்திருக்கிறார்கள், ஆனால் கண்ணால் பார்த்ததில்லை.

இப்போது என் மானம் போன கதை. தி.நகர் பக்கம் ஒரு ஜவுளிக்கடை, பெயர் வேண்டாம். வெள்ளத்துக்கு முந்தைய வருடம் அவர்களுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்தேன். மயில்கழுத்து நிறம், உடம்பும் முந்தானையும் ஒன்றேதான். நிறம் பிசகாமல் இருக்கச் சாம்பல் அட்டை வைத்து வெள்ளையைச் சரி பார்த்தாயிற்று, மானிட்டரும் சரி. படத்தில் பார்த்தால் கொசுவம் நீலம், முந்தானை பச்சை. முதலாளி படத்தை எட்டத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு புடவைக்குக் காசு குடுத்தா ரெண்டு புடவை காட்டறீங்களே" என்றார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கையால் நிறத்தைச் சரி செய்து கொடுத்தேன். மயில்கழுத்து வந்தாலே இப்படித்தான், கேமராவுக்கு அந்த நிறம் ஒத்துக்காது என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் படத்தைத்தான் வகுப்பில் போட்டு, "கேமரா சில நிறங்களில் ஏமாற்றும், கம்ப்யூட்டரில் திருத்த வேண்டும்" என்று கம்பீரமாகச் சொன்னேன். கடைசி பெஞ்சில் ஆரணிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அப்பா தறி நெய்பவர். கை தூக்கி, "சார், அது கேமரா தப்பு இல்ல. பாவு நீலம், ஊடை பச்சை" என்றாள். பாவு நீளவாக்கில் ஓடும் நூல், ஊடை குறுக்கே ஓடும் நூல். அதனால் என்ன என்றேன். கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் கைக்குட்டை அளவுக்கு ஒரு மயில்கழுத்துத் துண்டு கொண்டுவந்தாள். லைட்டை உயரத்தில் வைக்கச் சொன்னாள். துணியை நேரே பிடித்தாள், நீலம். அப்படியே கால்வட்டம் திருப்பினாள், பச்சை. லைட்டும் கேமராவும் நகரவே இல்லை. வகுப்பு "ஹோ" என்றது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

விஷயம் இவ்வளவுதான். பட்டு நூல் எவர்சில்வர் குழாய் மாதிரி. படுக்கையாகக் கிடந்தால் மேலிருந்து வரும் வெளிச்சத்தைப் பிடித்து நம் பக்கம் திருப்பும், நெட்டுக்குத்தாக நின்றால் பக்கவாட்டு வெளிச்சத்தைப் பிடிக்கும். பாவு ஐந்தரை மீட்டர் நீளவாக்கில் ஓடுகிறது. இடுப்பைச் சுற்றிக் கட்டும்போது அது படுக்கையாகிவிடும், தோளிலிருந்து முந்தானையாகத் தொங்கும்போது நெட்டுக்குத்தாகிவிடும். நான் பெரிய சாஃப்ட்பாக்ஸை, அதாவது வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் துணிப்பெட்டியை, கேமராவுக்கு மேலே உயரத்தில் வைத்து எடுப்பவன். கீழே கொசுவத்தில் பாவின் நீலம் மின்னியது, முந்தானையில் ஊடையின் பச்சை மின்னியது. பக்கத்தில் கேமரா உயரத்துக்கு ஒரு வெள்ளைத் தெர்மோகோலை நிறுத்தினால் நின்ற நூலுக்கும் வெளிச்சம் போய் இரண்டு நிறமும் கலந்துவிடும். தெர்மோகோலுக்கு ஆகும் செலவை நினைத்தால் சிரிப்பு வருகிறது. இது தெரியாமல் எத்தனை ராத்திரி கம்ப்யூட்டர் முன் கண் எரிய உட்கார்ந்திருக்கிறேன். 17 வருடம் பட்டுக்கு லைட் வைத்தவனுக்குத் தறிக்காரர் மகள் சொல்லித்தான் தெரிந்தது. பாடம் எடுக்கப் போகாவிட்டால் இன்றைக்கும் கேமராவைத்தான் திட்டிக்கொண்டிருப்பேன்.

பெரிய ஆட்களை இழுத்துச் சொன்னால்தான் நம்புவீர்கள் என்றால், நியூயார்க்கில் 1934 முதல் 1958 வரை ஹார்பர்ஸ் பஜார் பேஷன் பத்திரிகையின் ஆர்ட் டைரக்டராக இருந்த அலெக்சி பிரோடோவிச், அந்த வேலையில் இருந்துகொண்டேதான் வகுப்பும் நடத்தினார். பேஷன் போட்டோகிராபியில் பெரும் பெயர் எடுத்த ரிச்சர்ட் அவெடன் அவரிடம் படித்தவர். பிரோடோவிச்சையும் வேலை கிடைக்காதவர் என்பார்களா?

லைட் தவிர நான் ஒரு முழு நாள் ஒதுக்குவது பதிப்புரிமைக்கு. "நான் எடுத்த படம் எனக்குத்தான் சொந்தம்" என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன், கேட்டலாக்குக்கு என்று எடுத்த படம் மவுண்ட் ரோட்டில் 40 அடி பேனராக நிற்கும் வரை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவில், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே முதல் உரிமை என்று இருக்கிறது, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை. அந்த எழுதிக்கொள்வதைத்தான் கற்றுத் தருகிறேன். எதற்கு, எத்தனை மாதத்துக்கு, பேனரா கேட்டலாக்கா, எல்லாம் முதலிலேயே காகிதத்தில்.

பணம் வராத கதையும் உண்டு. 2006ஆம் வருடச் சிறுதொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு 45 நாளைக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. இதைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் அடுத்த ஆடிக்குக் கூப்பிட மாட்டார்கள். இதையும் வகுப்பில் ஒப்புக்கொண்டுவிட்டேன், மறைத்து என்ன பயன்.

ஒன்றை மட்டும் இன்னும் எப்படிச் சொல்லித் தருவது என்று தெரியவில்லை. படம் முடிந்து அனுப்பினால், "பொண்ணுக்குக் கொஞ்சம் கலர் ஏத்துங்க" என்று போன் வரும். புடவையின் கலர் மாறினால் சண்டை, பெண்ணின் கலரை மாற்றாவிட்டால் சண்டை. கறுப்பான நம்ம ஊர் மாடலைப் போட்டு எடுத்தால் பட்டு எடுப்பாகத் தெரியும் என்று எடுத்தே காட்டியிருக்கிறேன். பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ம கஸ்டமர்..." என்று இழுப்பார்கள். நானும் எத்தனையோ தடவை ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். வகுப்பில் யாராவது இதைக் கேட்டால் கேன்டீன் பெல் அடிக்காதா என்று பார்ப்பேன்.

நேரத்தைப் பற்றியும் கேட்பீர்கள். ஆடிக்கும் தீபாவளிக்கும் முந்தைய மாதங்களில் வகுப்பு வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். மற்ற மாதங்களில் வாரம் இரண்டு நாள் தாராளமாக முடியும். சம்பளத்தை நம்பிப் போகாதீர்கள். எனக்கு முதலில் மணிக்கு 600 ரூபாய் கொடுத்தார்கள், அதுவும் இரண்டு மாதம் கழித்து.

அந்த ஆரணிப் பெண் இப்போது தனியாக எடுக்கிறாள். அதே தி.நகர் கடையின் தீபாவளி கேட்டலாக் இந்த வருடம் அவளுக்குப் போய்விட்டது. போன மாதம் போன் செய்து, "சார், உங்க ஸ்டீமர் ரெண்டு நாளைக்குக் கிடைக்குமா?" என்றாள். கொடுத்தேன். இன்னும் திரும்பி வரவில்லை.