அப்பாவின் கல்லீரல் கட்டி: வெட்டி எடுப்பதா, கல்லீரலையே மாற்றுவதா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. பல வருடமாகச் சர்க்கரை நோய், குடிப்பழக்கம் கிடையாது. கல்லீரலின் வலது பக்கம் 3.5 செ.மீ. கட்டி, புற்றுநோய்தான் என்று உறுதி செய்துவிட்டார்கள். கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ் நோயும் இருக்கிறதாம். ஒரு டாக்டர் கட்டியை வெட்டி எடுக்கலாம் என்கிறார், இன்னொருவர் கல்லீரலையே மாற்றச் சொல்கிறார். கல்லீரல் கொடுக்க நான் தயார், எனக்கு வயது 29. கேன்சர் என்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ரிப்போர்ட்டுகளை இணைத்திருக்கிறேன்.

பதில்: ரத்தப் பரிசோதனைத் தாளில், ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் 82,000 என்று இருக்கிறது, இது குறைவு. எண்டோஸ்கோபியில், உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் புடைத்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறிவிட்டது என்று அர்த்தம். என் முடிவை இங்கிருந்துதான் தொடங்குகிறேன். கட்டியின் அளவு அடுத்தபடிதான்.

நல்ல கல்லீரல் தொட்டால் வழவழவென்று இருக்கும். அதில் பாதிக்கு மேல் எடுத்தாலும் மீதி வளர்ந்துவிடும். சிரோசிஸ் வந்த கல்லீரலோ கையுறை போட்ட விரலுக்கே பாகற்காய்த் தோல் மாதிரி தட்டுப்படும். அதில் குறைந்தது 40 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். போர்ட்டல் அழுத்தமும் ஏறியிருந்தால் அதுகூடப் போதாமல் போகலாம். ஆபரேஷன் நன்றாக முடிந்த பிறகும் சில நாளில் காமாலை ஏறி, வயிற்றில் நீர் கோத்து, கல்லீரல் செயலிழந்துவிடும் அபாயம் உண்டு. தப்பினாலும், கட்டியை உண்டாக்கிய அதே கல்லீரல்தானே உள்ளே இருக்கிறது? வெட்டி எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு 5 ஆண்டுகளுக்குள் புற்றுநோய் திரும்புகிறது. சிரோசிஸ் இல்லாதவர் என்றால் வெட்டி எடுக்கத்தான் நானும் சொல்லியிருப்பேன்.

கல்லீரலை மாற்றினால் கட்டியும் போகும், சிரோசிஸும் போகும். 1996-ல் இத்தாலியின் மிலான் நகர டாக்டர்கள் வகுத்த அளவுகோலைத்தான் இன்றும் முதலில் பார்க்கிறோம்: ஒரே கட்டி என்றால் 5 செ.மீ.க்குள், மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள்; ரத்தநாளத்துக்குள்ளோ வேறு உறுப்புக்கோ பரவியிருக்கக் கூடாது. அப்பா இதற்குள் வருகிறார். இப்படிப்பட்டவர்களில் பத்தில் ஏழு பேர் 5 ஆண்டு கடந்தும் வாழ்கிறார்கள். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர் என்பதால் இதயத்தை முழுமையாகப் பரிசோதிக்காமல் யாரும் மேஜையில் ஏற்றமாட்டார்கள்.

ஊசி செலுத்திக் கட்டியைச் சுடும் முறை 3 செ.மீ.க்குள்தான் நன்றாகப் பலன் தரும். ஆனால் மாற்று ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் காலத்தில் கட்டி வளராமல் பிடித்துவைக்க, கட்டிக்குப் போகும் தமனியை மருந்து செலுத்தி அடைக்கும் சிகிச்சையைப் பற்றிக் கேளுங்கள்.

உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளை கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ரத்த வகை பொருந்த வேண்டும், உங்கள் கல்லீரலில் கொழுப்பு அதிகம் படிந்திருக்கக் கூடாது, மிஞ்சும் பகுதி உங்களுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். சில மாதங்களில் அது வளர்ந்து ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். ஆனாலும் இது பெரிய ஆபரேஷன். அரிதாகக் கொடையாளர் உயிரிழந்ததும் உண்டு. இதை உங்கள் வீட்டார் எல்லோரும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். தமிழ்நாட்டில் இருந்தால், மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரலுக்கும் மருத்துவமனை வழியாகப் பதிந்துவைக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சை உண்டு.

இந்த வாரமே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அவர் கையெழுத்துப் போடாமல் எந்த ஆபரேஷனும் நடக்காது. மகளின் கல்லீரலில் ஒரு பங்கை ஏற்கப்போகிறவர், எதற்காக ஏற்கிறோம் என்று தெரியாமல் எப்படிச் சம்மதிப்பார்? உங்களுக்கு வாய் வரவில்லை என்றால் டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள். அப்போது பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருங்கள்.